உள்வரும் இடம்

சார்ஜா, ரோலா, ஏழாம் மாடி.
ஓர் அறையில் நான்கு கட்டில், ஒவ்வொன்றும் இரண்டடுக்கு.
ஜன்னலோர மேலடுக்கு
மாதம் அறுநூறு திர்ஹத்துக்கு என்னுடையது.

அதைவிட மலிவாக ஹெல்சிங்கியில்
இன்னொரு இடம் பிடித்திருக்கிறேன்.
இரண்டு கோர், நான்கு ஜிபி நினைவகம், எண்பது ஜிபி வட்டு,
மாதம் ஆறு யூரோ.
அவர்கள் விசா நகல் கேட்கவில்லை.
மீன் பொரிக்கலாமா என்று நானும் கேட்கவில்லை.

பகலில் எம்பிராய்டரிக் கடை.
பன்னிரண்டு தலை மெஷின்
பள்ளிச் சட்டைப் பைகளில் ஒரே நேரத்தில்
பன்னிரண்டு பாய்மரக் கப்பலைக் குத்தி முடிக்கும்.
இரவில் என் சொந்தக் கணக்கு:
ரவிக்கைக் கைக்கு மாங்காய், அன்னம், கொடி.
ஒரு டிசைன் கோப்பு மூன்று டாலர்.
கோப்பு எந்த நாட்டுக்கும் போய்விடுகிறது.
மூன்று டாலர்தான் வர மறுக்கிறது.

ஒரு கம்பெனி முகவரிச் சான்று கேட்டது.
மேலடுக்குக் கட்டிலுக்கு
யார் கரண்ட் பில் அனுப்புவார்கள்?
இன்னொரு கம்பெனி நாற்பத்தொரு டாலர் சேரும்வரை
பேசாமல் இருந்துவிட்டுக் கணக்கை முடக்கியது.
"பரிசீலனையில்" என்கிறது. எட்டு மாதமாக.

ஆகவே இந்தக் கறுப்புத் திரை.
கீழே மரிசெல் தூங்குகிறாள், வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.
ஓர் இடைவெளி விட்டுப்போனதற்கு நாற்பது நிமிடம் போயிற்று.
ஒரு போர்ட்டைத் திறக்க மறந்தேன்,
கோபத்தில் எல்லாவற்றையும் திறந்தேன்,
பயந்து எல்லாவற்றையும் சாத்தினேன்,
என்னையும் வெளியே வைத்து.

மறுநாள் இரவு நோட் எழுந்து உட்கார்ந்தது.
முதல் பிளாக்கிலிருந்து வாசிக்கத் தொடங்கியது.
நான் மூன்று டாலர் வாங்குவதற்கு
உலகில் யார் யாருக்கு என்று கொடுத்தார்
என்பதையெல்லாம் அது ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம்.
2009 ஓட்டமாய் ஓடியது.
நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு;
அதற்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கம்மி.
2017இல் மூச்சு வாங்கியது.
வட்டு சின்னது, அதனால் அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
படித்ததைச் சரிபார், பிறகு அழித்துவிடு.
எங்கள் குடும்பத்தில் சிலருக்கும்
இந்த வரியைச் சேர்க்கலாம்.

ஆறு நாள் ஆனது.
நடுவில் இருபத்துநான்கு சொற்களைக் கொடுத்து
இவை தொலைந்தால் எல்லாம் தொலைந்தது என்றது.
எங்கே வைப்பேன்?
அலமாரிக்கு நான்கு சாவி, நான்கும் நான்கு பேரிடம்.
வெள்ளிக்கிழமை, எல்லோரும் வெளியே போனபின்,
பழைய பாவாடையின் உள்மடிப்பில்
தமிழ் எழுத்தில், சங்கிலித் தையலில்,
இருபத்துநான்கையும் தைத்தேன்.
மெஷினில் இல்லை. கையால்.
காகிதத்தை எரிக்க முடியாது, புகை மணி கத்தும்;
தண்ணீரில் கரைத்துப் பிழிந்து போட்டேன்.

எல்லாம் பச்சை. ஆனாலும் பணம் வரவில்லை.
சேனல் திறந்திருக்கிறாய், என் பணத்தை நான் அனுப்பலாம்,
வாங்குவதற்கு இடமில்லை, என்றது.
நான் வாங்க வேண்டுமென்றால்
மறுமுனையில் யாரோ ஒருவர்
தன் பணத்தை என் பக்கம் பார்க்க
வைத்திருக்க வேண்டும்.
இதைப் படித்துவிட்டுக்
கொஞ்ச நேரம் ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பத்து வருடமாக அனுப்பித்தான் பழக்கம்.
ஊருக்குப் போகும் பக்கத்தில் அடைப்பே வந்ததில்லை.

கட்டணம் கட்டி, முகம் தெரியாத ஒரு நோடிடம்
கொஞ்சம் இடம் வாங்கினேன்.

செவ்வாய், மதியம் மூன்று பத்து.
ஆம்புலன்ஸ்காரர்களின் தொப்பிகள் ஓடிக்கொண்டிருந்தன.
இடுப்பில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
மொம்பாசாவிலிருந்து ஜுஹூரா, தையல்காரி,
மயில் கோப்பு ஒன்று, செலுத்தப்பட்டது.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
அவளிடம் யாரும் சான்று கேட்கவில்லை,
என்னிடமும்.

இரண்டாம் முறை படிக்கும்போது
சூப்பர்வைசர் கத்தினார்.
ஏழாம் தலையில் நூல் அறுந்து
ஊசி வெறுந்துணியைக்
குத்திக்கொண்டிருந்தது.