எண்பது, ஏ, ஒன்று, ஏ

ரோசா என்றால் எங்கள் மொழியில் பனித்துளி.
ரோஜா என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.
நான் விற்பது பன்னீர் என்பதால்
திருத்துவதை விட்டுவிட்டேன்.

கார்லோவோவில் மே மாதம்
விடியுமுன் பறித்தாக வேண்டும்;
வெயில் ஏறினால் எண்ணெய் இறங்கிவிடும்.
அந்நேரம் இதழில் உட்கார்ந்திருப்பதன் பேரையே
கடைக்கு வைத்தேன்.
நான்கு எழுத்து, எங்கள் எழுத்து,
பின்னால் ஒரு டாட் காம்.

உலாவியில் தட்டினேன்.
பனித்துளி போய்
எக்ஸ், என், இரண்டு சிறுகோடு,
எண்பது, ஏ, ஒன்று, ஏ, எஃப், எஃப்
என்று வந்து நின்றது
கைதிச் சட்டையில் குத்திய எண்ணைப் போல.

ஸ்திலியான் மடிக்கணினியோடு வந்தான்.
"பழுது இல்லை, சந்தேகம்.
உன் நான்கு எழுத்துக்கும் லத்தீனில்
அச்சு அசலாய் ஒரு முகம் இருக்கிறது.
நீ 'ர' என்பதை அவன் 'ப' என்பான்.
நீ 'ஸ' என்பதை அவன் 'க' என்பான்.
இந்த முகங்களை மாட்டிக்கொண்டு எவனோ
வங்கி வாசலைப் போலவே ஒரு வாசல் கட்டினான்.
அதிலிருந்து, பெயர் முழுக்க அயல் சாயல் என்றால்
உலாவி முகத்தைக் காட்டாது."

கண்ணால் காண்பதும் பொய், சரி.
தீர விசாரிக்க வேண்டாமா?
"அரை நொடியிலா?" என்றான்.

என் எழுத்து யாரையும் போல் வேடம் போடவில்லை,
அவர்களுடையது இதைப் போல் இருந்துவிட்டுப் போகட்டும்
என்று கத்த வாயெடுத்தபோது
நாத்தனார் ஸ்தமேனா நினைவுக்கு வந்தாள்.
மூன்று மாத ஓய்வூதியம்.
"எழுத்துக்கு எழுத்து சரியாகத்தானே இருந்தது"
என்று அவள் போனை நீட்டிய கை.
வாயை மூடிக்கொண்டேன்.

"யாருக்கும் இல்லாத எழுத்து ஒன்றைச் சேர்."

இருக்கிறது ஒன்று.
ஆறு கால் பரப்பிய வண்டு போல.
கோடை முழுக்க மொட்டுகளிலிருந்து
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
வாளியில் போடுகிறேனே, அதே வண்டு.
இப்போது காசு கொடுத்து
பெயரின் தலையில் ஏற்றினேன்:
ஜிவா ரோசா, உயிருள்ள பனித்துளி.
தட்டினேன்.
வண்டு முன்னால், பனி பின்னால்,
எழுதியது எழுதியபடி.

பழைய முகவரியையும் விடவில்லை,
ஆண்டுக்குப் பன்னிரண்டு யூரோ.
இலை எடுத்து முடிந்த சில காலைகளில்
விரல் ஈரத்தோடு திறப்பேன்.
மேலே எண்பது, ஏ, ஒன்று, ஏ.
கீழே என் புட்டிகள்,
விலை கூட மாறாமல்.