ஏழு லிட்டர்

“அறை வெப்பம் போதும்” என்றான் கடைப் பையன்.
யாருடைய அறை என்று நான் கேட்கவில்லை.
கூசமோவில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது,
என் அறையில் பத்தொன்பது.
அதற்கு மேல் ஏற்றினால் கட்டணம் கடிக்கும்.
இரண்டு காலுறை போட்டுப் பழகியவள் நான்.

மேசைமேல் ஏழு லிட்டர்த் தொட்டி,
உள்ளே ஒரு சண்டைமீன்:
ஈரச் சாலையில் சிந்திய டீசலின் நிறம்.
மூன்று நாள் அடியிலேயே கிடந்தது
மடக்கி வைத்த குடைபோல.
சோம்பேறி என்று நினைத்தேன்.
அதன் பிறந்த நாட்டில்
வயல் தண்ணீரே உடம்புச் சூட்டில் இருக்குமாம்.
அது சோம்பவில்லை,
அணைந்துகொண்டிருந்தது.

ஹீட்டர் வாங்கினேன். இருபத்தைந்து வாட்,
பேனா அளவு.
இருபத்தாறில் குடை விரிந்தது.

சின்ன நீருக்கு ஞாபகம் கிடையாது.
எங்கள் ஏரி கோடையை
அக்டோபர் வரை வயிற்றில் வைத்திருக்கும்.
இந்த ஏழு லிட்டரோ
ஜன்னலைத் திறந்து மூடுவதற்குள் மறந்துவிடும்.
பதறி வெந்நீர் ஊற்றினால்
ஒரே நிமிடத்தில் முப்பது.
ஒருமுறை ஊற்றினேன்.
அன்று அது நீந்திய விதத்தைச் சொல்லப்போவதில்லை.

மரங்கள் பனியைத் தலைச்சுமையாய்ச் சுமக்கும் ஊர் இது.
ஒரு மரம் கழுத்தொடிந்தால் கம்பி அறுந்துவிடும்.
இரவு ஒன்று நாற்பதுக்கு
ஹீட்டரின் சிவப்புப் புள்ளி போனது.
ஒன்று ஐம்பதுக்கு யோவ்னி அழைத்தான்:
“போஸியோ சாலை மூடிக்கிடக்கிறது. வண்டியை எடு.”

கம்பளி சுற்றினேன்.
மணிக்கு ஒரு டிகிரி இறங்கும்,
திரும்பி வர ஒன்பது மணிநேரம்.
கணக்கை முடிக்காமல் எழுந்தேன்.

மான் வேட்டைக்கு சூப் கொண்டுபோகும் அகல வாய் ஃபிளாஸ்க்.
மூன்று முறை கழுவியும் மிளகு மணத்தது,
நான்காம் முறை கழுவினேன்.
தொட்டியின் அதே நீர், அதே மீன்.
மூடி போட முடியாது.
மேலே வந்து நம் காற்றிலும்
ஒரு வாய் குடிக்கும் பிறவி அது,
அந்தக் காற்றும் சுடச்சுட வேண்டும்.

பனி வாரும் வண்டியில்
விரலளவு ஜன்னல் திறந்தே ஓட்டுவேன்.
குளிர்தான் எனக்குக் காபி.
அன்று எல்லாம் அடைத்து, சூடு முழுக்கத் திருகி,
பக்கத்து இருக்கையில் ஃபிளாஸ்க்குக்கு பெல்ட் போட்டேன்.
கோட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
உள்பனியனோடு
பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைக் கிழித்துக்கொண்டு போனேன்.

“ரவ்னி, குரல் தூங்குதே?”
“தூங்கலை. வேர்க்குது.”
வாக்கிடாக்கி கொஞ்ச நேரம் இரைந்தது.
அவன் வேறொன்றும் கேட்கவில்லை.
எங்கள் பக்கம் அப்படித்தான்.

நாற்பதாவது கிலோமீட்டரில்
சாலை நடுவே ஒரு கலைமான்.
வலக்கால் பிரேக்கில்,
வலக்கை ஃபிளாஸ்க்கின் வாயில்.
ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தார்கள் என்று தெரியாது.
ஒரு கரண்டித் தண்ணீர் சிந்தியது.
கலைமான் என் பனியனைப் பார்த்தது,
யோசித்தது, நகர்ந்தது.
இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தாறு.
சாலையைவிட அந்த முள்ளைத்தான்
அதிகம் பார்த்தேன், யோவ்னிக்குச் சொல்லவேண்டாம்.

வீடு வந்தபோது பகல் பதினொன்று.
விளக்கு வந்திருந்தது, தொட்டியில் பதினெட்டு.
உடனே விட முடியாது.
ஏழு லிட்டர் நினைவு திரும்பும் வரை
ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக் காத்திருந்தேன்,
பனி உருகிய தண்ணீர் பூட்ஸைச் சுற்றித் தேங்க.
விளிம்பில் ஆறோ ஏழோ குமிழிகள்.
கூடு என்று சொல்லமாட்டேன்.
கூடென்றால் அடுக்கடுக்காய் இருக்கும்.
இது ஏதோ ஓரமாய்க் கிறுக்கிப் பார்த்தது.

இப்போது அறையில் இருபத்திரண்டு.
ஒற்றைக் காலுறை.
நேற்றுக் கட்டணச் சீட்டு வந்தது.
நாலாய் மடித்துத் தொட்டிக்கு அடியில் வைத்தேன்,
மேசையின் குளிர் மேலே ஏறாமலிருக்க.