இலக்கணப்படி

விடுதிப் பதிவேட்டில்
ரெஜினா என்று எழுதினார் கிளார்க்.
றெஜினா, என்றேன்.
ரெண்டும் ஒண்ணுதானேம்மா.
இல்லை சேர், வல்லின றகரம்,
பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான்.
றகரம் மொழிக்கு முதலில் வராது,
தமிழ் எம்.ஏ. படித்தவராம், விரலை நீட்டிச் சொன்னார்.
ரகரமும் வராதே, என்றேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
பிறகு அடுத்த பிள்ளையின் பேரைக் கேட்டார்.

மன்னாரிலிருந்து மதுரை
காகத்துக்கு அரை நாள்.
எனக்கு விசாவுக்குப் பதினேழு நாள்,
கொழும்புக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம்,
பிறகு ஆகாயத்தில் ஐம்பது நிமிசம்.
யன்னலால் கடலைத் தேடுமுன்னம்
பெல்ற்றைப் போடு, இறங்கப் போகுது என்றார்கள்.

மகள் வெளிநாட்டில் படிக்கிறாள் என்று
கோயிலில் அம்மா சொல்லுறாவாம்.
லண்டன் போன மச்சாள்
நேரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் அழைப்பெடுப்பாள்.
எனக்கும் அம்மாவுக்கும்
ஒரு நிமிசமும் வித்தியாசமில்லை.
அங்கே ஆறு மணிப் பூசைக்கு மணியடிக்க
இங்கே பசுமலை ஏற்றத்தில் பால்வண்டி முக்கும்.
தூரம் என்று எடுத்துக்காட்ட
என்னிடம் ஒரு கணக்கும் இல்லை.

சவர்க்காரம் கேட்டால் கடைக்காரர் யோசிக்கிறார்.
பாண் இருக்கா என்றதற்கு
பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் விக்கிறதில்லை என்று
முறைத்தார்.
புதன்கிழமை மெஸ்ஸில் பாறைமீன் குழம்பு.
பாம்பன் மீனாம்.
அப்பாவின் வலையை அறுத்துப்போன றோலர்
கொண்டுவந்ததாயும் இருக்கும்.
ருசியாய்த்தான் இருந்தது.
ரெண்டாந்தரமும் வாங்கினேன்.

பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டு
தல்லாகுளத்தில் ஆட்டோ பிடித்தேன்.
கேரளாவா?
எல்லா ஆட்டோவிலும் அதே கேள்வி.
இல்லையென்றால் அடுத்தது போர்.
எனக்கு ஏழு வயதில் முடிந்த சண்டையை
யானைக்கல், சிம்மக்கல் தாண்டி
பெரியார் சிக்னல் வரைக்கும்
நான்தான் திரும்ப நடத்தவேணும்.
விடிந்தால் செய்முறைத் தேர்வு.
ஆமா, கேரளா, என்றேன்.

கண்ணாடியில் அவர் முகம் மலர்ந்தது.
முத்திருளாண்டி என்று பேர்,
கோட்டயத்தில் ஒன்பது வருசம்
ரப்பர் தோட்டத்தில் கிடந்தவராம்.
பாலம் ஏறுமுன்னமே
மலையாளம் கொட்டத் தொடங்கிவிட்டது.
வைகையில் அன்றைக்கென்று தண்ணீர் இருந்தது,
ஆகாயத்தாமரையும் ரெண்டு எருமையுமாய்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னத்தா, வாயத் தொறக்க மாட்டேங்குற?
தொண்டை நோ, என்றேன்.
நோவா? எதுக்கு நோ?

அவ்வளவுதான்.
பழங்காநத்தம் வரைக்கும் பேச்சில்லை.
பிறகு, திரும்பாமலே,
சிலோனுன்னு சொல்லியிருக்கலாம்ல.
சொன்னால் கதை கேப்பீங்கள்.
ஆமா, கேக்கத்தான் செய்வேன்.

பேசியது இருநூற்றைம்பது.
நூத்தம்பது போதும் என்றார்
முகத்தில் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு.
முழுசாய் எண்ணிக் கொடுத்தேன்.
கோபமாய்த்தான் வாங்கினார்.
போகும்போது ஹாரனை ஒருதரம் அடித்தார்,
எனக்கா, குறுக்கே வந்த நாய்க்கா, தெரியவில்லை.

இரவு அம்மா எடுத்தா.
படிச்சு முடிச்சிட்டியோ?
படிச்சுக்கிட்டே இருக்கேம்மா,
அங்கிட்டு மழையா?

மறுமுனையில் சத்தமில்லை.
பிறகு, மெதுவாய்,
எங்க? என்று கேட்டா.

உசிலம்பட்டிக்காரி சுடர்க்கொடி
போர்வைக்குள் குலுங்கிச் சிரித்தாள்.
மடியில் கெண்டையின் செவுள் படம்.
இன்னும் நாலு அம்புக்குறிக்குப்
பேர் எழுதக் கிடந்தது.