பற்று வரவு

ஜுஃபைரில் மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
படியேறி மூச்சு வாங்க வருகிறவர்கள் விமானிகள்.
மூச்சு வாங்காமல் வருகிறவர்கள்
இன்னும் மேலே போகாத பயிற்சிப் பையன்கள்.

தோளில் சாம்பல் பட்டை ஒரு கட்சி, ஆரஞ்சு ஒரு கட்சி.
நிலவின் தென்முனையில் கிடக்கும் பனிக்கட்டிக்கு
ஆறு வருடமாகச் சண்டை.
பனிக்கட்டி எனக்கும் தெரியும்,
மூட்டை நானூறு ஃபில்ஸ், மத்தியானம் வேனில் வரும்,
பாதி வழியில் உருகியிருக்கும்.

இரண்டு கட்சிக்கும் ஏவுதளம் இதே கடலில்,
சித்ராவுக்கு அப்பால்,
ஒன்றின் விளக்கு மற்றதற்குத் தெரிகிற தூரத்தில்.
தீவு நடுநிலை என்று ஒப்பந்தம்.
தீவில் நானும் அடக்கம்.
அதனால் டிவியில் செய்தி கிடையாது,
பழைய கிரிக்கெட் மட்டும்.

இறங்கி வந்த முதல் வாரம்
எல்லாரும் கிளாஸை அந்தரத்தில் விட்டுவிடுவார்கள்,
பேச்சுவாக்கில், மிதக்கும் என்ற நினைப்பில்.
சாம்பலும் விடும், ஆரஞ்சும் விடும்.
எண்பத்து மூன்று உடைந்த பிறகு
எவர்சில்வர் டம்ளருக்கு மாறினேன்.
இப்போது விழுந்தால் மணியடித்த மாதிரி கேட்கும்.
எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்த மேசை எதிரியும்.

கணக்கு நோட்டில்தான் எழுதுகிறேன்.
மேலே ஒருவன் சிதறிப்போனால்
அவன் பற்றை அடைக்க வீட்டார் வருவதில்லை.
சுட்டவன் வருவான்.
யார் தொடங்கிய வழக்கமோ.
ஷமால் காற்று மணல் அப்பிய முகத்தோடு
கவுண்ட்டரில் ஒரு பெயர் சொல்வான்.
பக்கத்தைத் திருப்புவேன்.
பதினேழு தினார் இருநூறு, பொரித்த ஹமூர் சேர்த்து.
சில்லறை வாங்க மாட்டான்.
கணக்குத் தீர்ப்பது என்ற சொல்லை
இப்போதெல்லாம் பார்த்துத்தான் பேசுகிறேன்.

மெஹ்ர்நாஸ் சாம்பல். ஒலூச்சி ஆரஞ்சு.
இருவருக்கும் ஒரே ஸ்டூல் வேண்டும், ஏசிக்கு நேர் கீழே.
முந்தியவருக்கு அது. பிந்தியவர் பக்கத்தில்.
அவள் போட்ட திருப்பத்தை அவன் கையால் செய்து காட்டுவான்,
உள்ளங்கை கப்பல், கட்டைவிரல் எரிப்பொறி.
"இங்கே தாமதித்தாய்."
"இல்லை. உன் பின்னால் சூரியன்."
ஒரே வியாதிக்கு மருந்து வாங்க
வரிசையில் நிற்பவர்கள் போல இருப்பார்கள்.

ஆகஸ்ட், ஒரு வியாழன். கண்ணாடிக் கதவு வியர்த்து வழிந்தது.
ஒலூச்சி சிகரெட்டுக்குப் பால்கனி போனான்.
அவள் குனிந்து, "ஒலூச்சி எவ்வளவு?" என்றாள்.
ஆள் உயிரோடு இருக்கிறானேம்மா,
அதோ, கங்கு தெரிகிறது.
"தெரியும். விடிந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பாதை."
ஒன்பது தினார் அறுநூறு. எண்ணி வைத்தாள்.
அவள் முகம் கழுவப் போன நேரம்
புகை வாடையோடு அவன் வந்து
அவள் பெயரைச் சொன்னான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. நடுநிலை.
இரண்டு பக்கத்திலும் குறுக்கே கோடு இழுத்தேன்.
ஈரத்தில் மை கசிந்து
அடுத்த தாளுக்கும் இறங்கியது.

வெள்ளி வரவில்லை. சனி வரவில்லை.
எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒருவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து
குளிருகிறதென்று எழுந்துவிட்டார்.

ஞாயிறு ராத்திரி ஒரு பையன். இருபத்திரண்டு இருக்கும்.
பட்டையைப் பிய்த்த இடத்தில் நூல் தொங்கியது,
எந்த நிறம் என்று தெரியவில்லை.
டம்ளரை விட்டான். மணி அடித்தது. அவன் சிரிக்கவில்லை.
இரண்டு பெயர் சொன்னான்.
ஒரே ஏவுகணைதான், என்றான்,
அவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள்.
நான் கேட்கவில்லை.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
பாக்கி இல்லை தம்பி.
"ஏதாவது இருக்கும்."
இல்லை.
"உடைந்த கிளாஸ்?"
அவர்கள் வருமுன்பே எவர்சில்வர்.

பணத்தை நீட்டியபடி நின்றான்.
மடக்கவும் வரவில்லை, வைக்கவும் இடமில்லை.
டிவியில் யாரோ எப்போதோ ஆட்டமிழந்து நடந்தார்.
நான் நாற்காலிகளைக் கவிழ்த்தேன்.
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்,
அவன் தலைக்கு மேல் இருந்ததை மட்டும் விட்டு.