நாலு மட்டக் கரண்டி

முதல் ஏழு கிழமையும் மூடியைத் திருகினால் போதும்.
ஆஸ்பத்திரியில் தந்த குட்டிப் போத்தல்கள்,
பிறகு கடையில் நாங்களே வாங்கிய பெரியவை.
உள்ளே பால் ஏற்கெனவே பாலாக இருந்தது.
நாங்கள் பிழைவிட அதில் இடமில்லை.

நீலத் தொட்டி, லொறி வரும் நாளுக்கு முன்பே நிரம்பிவிடும்.
வெறும் போத்தல்களை முழங்கையால் அமுக்கியபடி
நிரோஜினி சொன்னாள்:
"ஒரு கிழமைப் பால், உங்கட ஒண்டரை நாள் சம்பளம்."
அவளுடைய கணக்குப் பிழைப்பதில்லை.
மறுநாள் மேசையில் பால்மாப் பேணி வந்து நின்றது.

நான் சுவருக்குச் சாந்து பூசுகிறவன்.
ஹல் நகரத்து வீடுகளில் எத்தனையோ படுக்கையறைகள்
என் கைத்தடத்தின் மேல் நிறம் பூசி நிற்கின்றன.
வாளிக்குள் முதலில் தண்ணீர், பிறகுதான் மா.
மாற்றிப் போட்டால் அடியில் கட்டி பிடிக்கும்.
பேணியின் பக்கத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.
அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"கை கழுவினியளோ?"
"கழுவினனான்."
"நகத்துக்குள்ள?"

நகத்துக்குள் இருந்தது.
பேணிக்குள் இருந்த வெள்ளைக்கும் அதற்கும்
குசினி வெளிச்சத்தில் வித்தியாசம் சொல்ல ஏலாது.
பழைய பல்துலக்கி எடுத்து
ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன்,
சத்திரசிகிச்சைக்குப் போகிறவனைப் போல.

இரவு மூன்று மணி. கேத்தல் கொதித்து அணைந்தது.
அரை மணிக்கு மேல் ஆறவிடக் கூடாதாம்.
"மா சுத்தமில்லையாம். சூட்டிலதான் சாகுமாம்."
"என்ன சாகும்?"
அவள் சொல்லவில்லை. வாசித்திருக்கிறாள்,
வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்றும் நினைக்கிறாள்.
யன்னலுக்கு வெளியே தெருமுனையில்
இந்த ஊரின் பால்நிறத் தொலைபேசிக் கூண்டு
யாரும் பேசாமல் விழித்திருந்தது.

நூற்றிருபது மில்லிக்கு நாலு கரண்டி.
குவித்து அல்ல, அழுத்தியும் அல்ல, மட்டமாக.
கத்தி முதுகால் வழித்தேன்.
ஒன்று. இரண்டு.
மிதுரா வீறிட்டாள்.
மூன்றா நாலா?
வேலையில் எனக்குக் கண்ணளவு போதும்,
என் கண்ணை நம்பி ஒரு கூரையே மேலே நிற்கிறது.
இங்கே அது செல்லாது.
ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன்.
பிள்ளை பசியில் ஊதாவாகிக்கொண்டிருந்தாள்.

குழாய்க்கடியில் பிடித்துக் குளிர்த்தி,
மணிக்கட்டில் ஒரு சொட்டு.
அவள் வாங்கினாள். நாக்கால் தள்ளினாள்.
யாரடா நீ என்று என்னைப் பார்த்தாள்.
பாதி குடித்தாள், மீதி என் கழுத்தில்.
அடுத்த நாள் முக்கால்.
அதற்கடுத்த நாள் கண் திறக்காமலே முழுதும்.
அவளுக்கு அது அவ்வளவுதான்.
நாங்கள் இரண்டு பேரும்தான் இன்னும்
போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டி தேடினோம்.

புதன்கிழமை சாரத்தில் நிற்கும்போது
போனில் ஒரு படம் வந்தது. அணையாடை. பச்சை.
கீழே ஒரு கேள்விக்குறி மட்டும்.
கூட வேலை செய்யும் டரன் எட்டிப் பார்த்தான்.
தன் மூன்று பிள்ளைகளுக்கும் இதே நிறம்தான் என்றான்,
சுவருக்கு நிறம் தெரிவுசெய்பவனின் நிதானத்தோடு.
அப்படியே நிரோஜினிக்கு அனுப்பினேன்.
"டரன் என்ன டொக்டரோ?" என்று பதில் வந்தது,
ஆனால் ஒரு சிரிப்பு முகத்தோடு.

வெள்ளிக்கிழமை கரண்டி காணாமல் போனது.

"எங்க வச்சனீங்கள்?"
"பேணிக்குள்ள."
"இல்லை."
இரண்டாவது பேணியை உடைத்து, அதன் கரண்டியால்
பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டாளாம்.
பிரச்சினை அது இல்லையாம்.
அது எங்கே போயிருக்கும் என்பதுதானாம்.

மதியம், பென்சில் தேடி மேலங்கிக்குள் கைவிட்டேன்.
ஒட்டுத்தாள் சுருளுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில்
இருந்தது. எந்த மூன்று மணிக்கு
நான் அதைப் போட்டேனோ.

குழிக்குள் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது.
எது என்று பார்த்துத் தெரியவில்லை.
நாக்கில் வைத்தேன்.
பால்.

டரன் பார்த்துக்கொண்டிருந்தான்.