மணம் வருமுன்

சுஹைராவுக்கு மூன்றாம் மாதம்.
மீன் என்ற சொல்லுக்கே ஓங்காளிக்கிறாள்.
என் சட்டையில் அமோனியா,
நகக்கண்ணில் பெட்டி கழுவிய தண்ணீர்.
ஐஸ் கொம்பனிக்காரனை
வாசல் அறையில் படுக்கச் சொல்லிவிட்டாள்.

நேற்றிரவு விளக்கை அணைத்த பிறகு
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்:
"மணக்காத மீன் இரிக்கா?"

இருக்கிறது.
ஒரு மணித்தியாலம்தான் இருக்கும்.

சுபஹுத் தொழுதுவிட்டு
ஒலுவில் துறைமுகக் கல்லில் ஏறி நின்றேன்.
கப்பலுக்குக் கட்டிய கல்;
நண்டுகள் குடியேறிவிட்டன.
தங்கூசியில் ஐந்து தூண்டில்,
ஒவ்வொன்றிலும் எங்கள் சேவலின் கழுத்திறகு.
கேட்டுப் பிடுங்கவில்லை,
கொத்திய காயம் மணிக்கட்டில் இருக்கிறது.
ஈயம் தரை தொட்டதும் இரண்டு பாகம் இழுத்து
உயர்த்தினேன், தாழ்த்தினேன்,
உயர்த்தினேன்.

அடுத்த கல்லில் முபீத் துப்பிவிட்டுச் சொன்னான்:
"கும்பளா இண்டைக்கு வேற ஊருக்குப் போயிட்டு."

அப்போது நூல் நடுங்கியது,
காய்ச்சல்காரனின் கை.
ஒன்று. மறுகா இரண்டு, ஒன்றாக.

முதுகில் பச்சை வரி,
இப்போதுதான் எழுதி மை காயாத எழுத்து.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஓரத்தில் சாம்பல் ஏறியது.
கொம்பனியில் நாளுக்கு எண்ணூறு கிலோ பார்க்கிறேன்,
இந்தப் பச்சையைக் கண்டதில்லை.
அங்கே வந்து சேர்வது
அதன் பெயர் மட்டும்.

தலையைப் பின்னுக்கு ஒடித்தேன்.
வாளிக் கடலில் இரத்தம் புகையாய் விரிந்தது.
ஐஸ் போடவில்லை;
ஐஸில் என் மணம் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் வாளி.
சந்தியில் ஒருவர் கை காட்டினார்.
"விக்கிறதா?"
"இல்ல."
"என்ன விலை?"
"இல்ல கா!"
பள்ளிப் பிள்ளைகளுக்காக நின்றேன்.
ஒரு மாட்டுக்காக நின்றேன்.
அது என்னை ஆறுதலாகப் பார்த்தது,
அதன் வீட்டில் யாருக்கும் மசக்கையில்லை.
பாலமுனை வருமுன்னே
பாதிக் கடல் என் முழங்காலில் இறங்கிவிட்டது.

மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.
ஒரு விரலை விலக்கினாள்.
மறுகா எல்லா விரலையும்.
செவுளைத் தூக்கிக் காட்டினேன்.
சந்தையில் அதைப் பூ என்போம்,
இன்றைக்குத்தான் அது பூ.
குனிந்து முகர்ந்தாள்.
"வெள்ளரிக்காய்" என்றாள்.
என்ன சொல்கிறாள் என்று நானும் குனிந்தேன்.
உண்மைதான்:
நறுக்கி வைத்த வெள்ளரிக்காய்.

உப்பும் மஞ்சளும் போதும் என்றாள்.
சட்டியில் தோல் சுருங்கி
வால் எழும்பி நின்றது.
இரண்டு மீனைப் பேசாமல் தின்று முடித்தாள்.
மூன்றாவதில் எனக்கு
வயிற்றுப் பக்கம் ஒரு துண்டு.

விரல் நக்கி நிமிர்ந்தவள்
என் கையைக் கண்டாள்.
செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.
மணி ஒன்பது.

"இப்ப மணக்குது" என்றாள்,
"வெளிய போங்க."