எழுவாய்

ஆறு ஞாயிறு, ஆறு வகுப்பு.
வரலாறு இரண்டு, மொழி இரண்டு, குடிமை இரண்டு.
கட்டணமில்லை; டீயும் வர்க்கியும் உண்டு.
சான்றிதழ் பணிப்பதிவேட்டில் ஏறும் என்று
யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன்.
ஏறாது என்று தெரிந்தபோது
மூன்று ஞாயிறு போயிருந்தது.

பந்தலூர் நூலகத்து மாடி.
தகரத்தில் ஆடி மழை இறங்கினால்
சோழர்கள் எங்களுக்குக் கேட்கமாட்டார்கள்.
நாலரைக்கு முடித்தாக வேண்டும்.
ஐந்துக்கு மேல் சேரம்பாடி வளைவில்
ஆனை நிற்கும், பஸ் நிற்காது.

பதினோரு பேர்.
லைன்மேன் பீரான்குட்டி, செவிலி ரோஸ்லின்,
கொழுந்தெடுத்த விரல்களில் கறையோடு சிவபாக்கியம்.
முதல் நாள் அறிமுகத்தில்
'அரசு வேலை' என்று மட்டும் சொன்னேன்.
யாரும் எந்த ஆபீஸ் என்று கேட்கவில்லை.
எல்லோரும் என் ஜன்னலில் நின்றவர்கள்.

'வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டு வாங்க,
எந்தத் தாளானாலும் சரி' என்றார் அமலோற்பவம்.
மளிகைச் சீட்டு வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது.
சிவபாக்கியம் மூன்று பாலிதீன் பிரித்து
அம்மாவின் அட்டையை எடுத்தாள்.
தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை.

'டீச்சர், போன ஆளுதானே திரும்பணும்?
எங்கம்மா பொறந்தது பதுளையில.
அதோட அம்மாவும் அங்கதான்.
கப்பலேற வந்தப்பதான்
கடலையே மொதல்ல பாத்துச்சாம்.
அது எப்படித் திரும்பும்?'

பலகையில் 'திரும்பினர்' அழிந்தது.
'கொண்டுவரப்பட்டனர்' வந்தது.
ரோஸ்லின் தலையசைத்தாள்.
பீரான்குட்டி மட்டும் விடவில்லை:
'ஆரு கொண்டாந்தது? அந்தப் பேரு எங்க?'

'செயப்பாட்டுவினை' என்றார் அமலோற்பவம்.
'செய்தவரை எடுத்துவிட்டாலும்
வாக்கியம் இடிந்து விழாது.
அதுதான் அதில் வசதி.'

அந்த வசதி எனக்குத் தெரியும்.
பரிசீலிக்கப்படும்.
ஆவன செய்யப்படும்.
கோப்பு முடிக்கப்படுகிறது.
ஒன்பது வருடம் தட்டச்சு செய்திருக்கிறேன்,
ஒரு வரியிலும் என் விரல் இல்லாமல்.

ஐந்தாம் ஞாயிறு மனு எழுதினோம்.
பதினோராம் லயத்துச் சந்துக்கு விளக்கு.
தை மாத விடியலில் தண்ணீருக்குப் போன
மூக்கையா அங்கேதான் கிடந்தார்.
'யானை தாக்கி' என்றது பத்திரிகை.
அந்தச் சந்தின் கதையில்
எழுவாயாக நின்றது ஆனை மட்டும்தான்.

'மேற்படி' வேண்டாம் என்றாள் சிவபாக்கியம்.
'பணிந்து'ம் வேண்டாமாம்.
கடைசியில் நின்ற மனு இவ்வளவுதான்:
நாங்கள் விளக்குக் கேட்டோம்.
நீங்கள் மூன்று முறை பதில் போட்டீர்கள்.
உங்கள் பெயர் என்ன?

யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அது என் மேசைக்கே வந்தது.
எண் போட்டேன். முத்திரை குத்தினேன்.
'விளக்குப் போடும்படி மின்வாரியத்துக்கு
நான் எழுதுகிறேன். இரா. முத்துக்கறுப்பன்'
என்று வரைவு வைத்தேன்.
'நான்' மேல் சிவப்புக் கோடு விழுந்து திரும்பியது.
ஓரத்தில், அழகான கையெழுத்தில்:
'எழுதப்படுகிறது' என மாற்றுக.

ஆறாம் ஞாயிறு கேசரி இருந்தது.
சிவபாக்கியம் சான்றிதழை
எழுத்துக்கூட்டாமல் உரக்க வாசித்தாள்:
'இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது...
யாரு டீச்சர்?'
அமலோற்பவம் ஒரு நிமிடம் விழித்தார்.
பிறகு பேனா வாங்கி
பதினோரு தாளிலும் தன் பெயரை எழுதினார்.
அதில் நேரமாகி, ஓடிப் பிடித்தோம் பஸ்ஸை.

லயத்துச் சந்து இருட்டாகக் கடந்தது.
பல்பு பீரான்குட்டியின் பையிலேயே இருக்கிறதாம்,
ஒரு தாள் வந்தால் போதுமாம்.
அந்தத் தாள்
சிவப்புக் கோட்டோடு என் மேசையில்.
இன்னும் நான் மாற்றவில்லை.